ரேலீனுக்கு அமைந்த ரீடு

தென் ஆஸ்திரேலியாவில் வாலரூ என்கிற எங்கள் ஊரில் ரேலீன் நான்கிவெல்லை முழுப்பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் வரி அலுவலகத்துக்காரர்கள் மட்டும்தான். மற்ற எல்லாருக்கும் அவள் 'ரே'. ஊர் பேண்டில் ட்ரம்பெட் ஊதுகிற தடியன்களுக்கு மட்டும் 'சாக்கடைக் குழாய்'. ஆள் என்னவோ ஒல்லிதான். முழங்கால்களுக்கு நடுவே தரையில் ஊன்றி வைத்து ஊதுகிறாளே, அந்தப் பெரிய கிளாரினெட்டால் வந்த பட்டம் அது.

பேண்டில் அவள் சேர்ந்தது சின்னக் கிளாரினெட் வாசிக்கத்தான். அன்றைக்கிருந்த பேண்ட் மாஸ்டர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உனக்குக் கையும் நீளம், பல்லும் பெருசு. அந்த மூலையில கிடக்குதே, அதை எடு," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பதினாறு வயசுப் பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் மூலையில் கிடந்ததை எடுத்து ஒரு முறை ஊதிப் பார்த்தவள், அதன் பிறகு அதைக் கீழே வைக்கவில்லை. கல்யாணம் ஆயிற்று, இரண்டு பிள்ளைகள் ஆயின, தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடும் வேலையில் சேர்ந்து ஓய்வும் பெற்றாயிற்று. பிள்ளைகள் பெர்த் பக்கம் போய் கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணுகிறவர்களாக ஆனார்கள். செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு மட்டும் அவள் தவறியதில்லை. இடப்பக்கக் கடைசி வரிசையில் அந்த நாற்காலி அவளுடையது. உலகத்தில் தனக்கென்று ஒரு இடம் இருக்கிறது என்றால் அது அதுதான் என்று கணவனிடமே சொல்லியிருக்கிறாள். கெய்த் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவனுக்குப் படகு இருந்தது.

பெரிய கிளாரினெட்டின் பிழைப்பு பரிதாபமானது. கட்டைக்குரலில் அடியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். இருக்கும்போது யாருக்கும் காதில் விழாது, இல்லாதபோதுதான் குழம்பில் உப்பில்லை என்று முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்த கார்ன்வால்காரர்களுக்காக எங்கள் பக்கத்தில் நடக்கும் திருவிழாவில், நகர மன்றத்தில், கடைசிப் பாட்டாக 'நீர் புகுந்த சுரங்கம்' என்று ஒன்று வாசிப்பார்கள். அதில் ஓரிடத்தில் மொத்தப் பேண்டும் வாயை மூடிக்கொள்ளும். பெரிய கிளாரினெட் மட்டும் தனியாக, படிப்படியாக, இருட்டுக்குள் இறங்கும். மொத்தம் சில வரிகள்தான். சுரங்கத்தில் தாத்தனைப் பறிகொடுத்த குடும்பங்கள் ஊரில் பாதி. அந்த வரிகளில் கிழவர்கள் தொப்பியைக் கழற்றிவிடுவார்கள். பாட்டு என்றால் கொட்டாவி விடும் கெய்த்தும் கழற்றுவான். ரேலீன் வாழ்ந்ததே அந்த வரிகளுக்காகத்தான் என்று சொன்னால் மிகையில்லை.

அவளுக்குப் பக்கத்து நாற்காலி கிளெம் ரோடாவுடையது. பிளம்பர் வேலை பார்த்து ஓய்ந்தவன், பாரிடோன் சாக்ஸ் என்கிற கட்டைக்குரல் பித்தளைக் குழலை வாசிப்பான், வாய்க்கொழுப்பு அதிகம். அவன் தாளில் ரேலீனின் தனி வரிகள் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். பெரிய கிளாரினெட்டுக்கு எல்லா ஊரிலும் ஆள் கிடைப்பதில்லை. கிடைக்காத ஊரில் சாக்ஸ்காரன் அதை வாசித்துச் சமாளிக்கட்டும் என்று அப்படி அச்சடிப்பார்கள். கிளெம் அந்தச் சின்ன எழுத்தைக் கண்ணால்கூடத் தொட்டதில்லை. தொட்டிருந்தால் ரேலீன் அவனைத் தாள் ஸ்டாண்டாலேயே அடித்திருப்பாள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கிளாரினெட்காரர்கள் தினமும் சொல்கிற கதை அது. சுருதி பிசகினால் ரீடு, கீச்சிட்டால் ரீடு, பெண்டாட்டி கோபித்துக்கொண்டால் அதற்கும் ரீடுதான் காரணம். ஆனால் பாவம், பாதி நேரம் அவர்கள் சொல்வது உண்மை. ரீடு என்பது கிளாரினெட்டின் வாயில் கட்டுகிற, ஊதினால் அதிர்ந்து குரல் தருகிற, நாணலைச் சீவின ஒரு துண்டு. ஒரு பெட்டி வாங்கினால் அதில் இரண்டு பேசும், மூன்று முனகும், மிச்சம் விறகு. ரேலீன் புது ரீடுகளைத் தேநீர்க் கோப்பையில் ஊறப் போட்டு, சன்னல் வெளிச்சத்தில் தூக்கி நரம்பு நேராக ஓடுகிறதா என்று பார்த்து, கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஆடுகிறதா என்று தட்டிப் பார்ப்பாள். தன் தேநீர் என்று நினைத்து கெய்த் ஒருமுறை ரீடோடு சேர்த்துக் குடிக்கப் பார்த்தான். "இந்த வீட்டுல எதைக் குடிக்கிறதுன்னே தெரியலையே!" என்று அவன் கத்தியதுக்கு, "ரெண்டரை நம்பர்டா அது, நல்லதா இருந்தா முழுங்காதே," என்றாள் இவள்.

பிறகு அந்தக் குளிர்காலம் வந்தது. ஒரு காலை தேநீர் குடிக்கும்போது பாதி சட்டையில் வழிந்தது.

"என்னடி, வாயில ஓட்டையா?" என்று சிரித்தபடி நிமிர்ந்த கெய்த், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கார் சாவியைத் தேடினான்.

முகவாதம். வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும், சிலருக்கு முழுசாகத் திரும்பாது என்றார் பக்கத்து ஊர் கடினாவில் டாக்டர். கன்னம் திரும்பியது. புருவம் ஏறி இறங்கியது. கண் மட்டும் காற்றடித்தால் நீர் விட்டது. வாயின் வல ஓரம் ஒரு நூல் அளவுக்குத் திரும்பவே இல்லை. பேசினால் தெரியாது, சிரித்தால் லேசாகத் தெரியும். சூப் குடிக்கும்போது கவனம் வேண்டும், அவ்வளவுதான். ஊதும்போதுதான் அந்த நூலளவு இடைவெளி கதவளவு திறந்தது. ஓரத்தில் காற்று புஸ்ஸென்று போனது. குழாய்க்குள் போக வேண்டிய மூச்சில் பாதி ஊருக்குப் போனது.

ரேலீன் ஒன்றும் முட்டாள் இல்லை. முதல் சில வாரங்கள் அவளே, "என் வாய்தான், வேறென்ன," என்றாள். ஆனால் கண்ணாடியில் முகம் நேரானதும் வாயும் நேராகிவிட்டது என்று முடிவு கட்டினாள். வாய் சரியென்றால் புஸ் சத்தம் எங்கிருந்து வருகிறது? ரீடு. வேறென்ன?

இப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டரையிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்றரை என்று ரீடை மெலிதாக்கிக்கொண்டே போனாள். மெலிசு ரீடு மூச்சு கேட்காது, ஆனால் ஈ மாதிரி ரீங்கரிக்கும். அப்படியானால் குற்றம் ரீடைக் கட்டுகிற மவுத்பீஸில். வாய் அகலமாகத் திறந்த மவுத்பீஸ் மெலிசு ரீடை ஏற்கும், ஆனால் காற்றை வாளி வாளியாகக் குடிக்கும். குறுகலானது கொஞ்சம் காற்றோடு திருப்திப்படும், ஆனால் கெட்டி ரீடு கேட்கும். கெட்டி ரீடை அசைக்க அவளிடம் மூச்சு நிற்கவில்லை. முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் போனால் உதைக்கிறது என்கிற கதைதான். அடிலெய்டிலிருந்து தபாலில் பொட்டலங்கள் வந்துகொண்டே இருந்தன. பிளாஸ்டிக் ரீடுகூட வாங்கிப் பார்த்தாள். சீப்பை வாயில் வைத்த மாதிரி இருக்கிறது என்று எறிந்தாள்.

ஒரு நாள் கிளெம் நண்டு கொடுக்க வந்தான். சமையல் மேசை முழுக்க மவுத்பீஸ்கள் கறுப்பாக வரிசையில் நின்றன.

"என்ன ரே, கடை போட்டிருக்கியா?"

"வாயை மூடு. உட்காரு. இதைப் பாரு," என்று ஒன்றை எடுத்தாள். ரீடைக் கட்டிய மவுத்பீஸின் அடி ஓட்டையை உள்ளங்கையால் அடைத்து, வாயில் வைத்துக் காற்றை உறிஞ்ச வேண்டும். இரண்டும் ஒழுங்காகப் பொருந்தியிருந்தால் ரீடு உள்ளே ஒட்டிக்கொண்டு, வாயிலிருந்து எடுத்த பிறகு 'டப்' என்று விடும். ஊதுகிறவர்கள் எல்லாரும் செய்கிற சோதனை இது. ரேலீன் உறிஞ்சினாள். புஸ். மறுபடி உறிஞ்சினாள். மறுபடியும் புஸ்.

"கேட்டியா? கோணிருச்சு. வாங்கி ரெண்டு மாசம் ஆகல. இதுவும் கோணல், அதுவும் கோணல், அந்தா அதுவும். எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாத்துறானுங்க, கிளெம்."

ரீடு மவுத்பீஸில் பொருந்தியிருப்பது மட்டும் போதாது, அதைச் சோதிக்கிற உதடும் பொருந்த வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. கிளெம் மவுத்பீஸை வாங்கிச் சட்டையில் துடைத்து வாயில் வைத்தான். நெடுநேரம் வைத்திருந்தான். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் ஏதாவது அசிங்கமாகச் சொல்லிச் சிரிப்பான். அன்றைக்குச் சிரிக்கவில்லை. டப் சத்தமும் வரவில்லை.

"ஆமா ரே. ஒழுகுது."

"நான் சொல்லல?" அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "கெய்த் என்னைப் பைத்தியம்ங்கறான். நீ பிளம்பர், உனக்குத் தெரியும்."

"ஒழுகலைக் கண்டுபிடிச்சே வீடு கட்டுனவன் நான். என்கிட்டயா?" கிளெம் மேசையைப் பார்த்தபடியே சொன்னான். "ஒண்ணு செய். உன் பழைய மவுத்பீஸையே மாட்டு. டெனார் சாக்ஸ் ரீடு ஒண்ணு தர்றேன், அளவு சரியா உட்காரும். பெரிய கிளாரினெட் ஊதுறவங்க நிறையப் பேரு அப்படித்தான் சமாளிக்கிறாங்க. செவ்வாய்க்கிழமை ஊதிப் பாரு."

செவ்வாய்க்கிழமை ஊதினாள். பேண்ட் மாஸ்டர் ஓப்பி, திருவிழாவுக்கு இன்னும் சில மாதங்கள்தான் என்று 'நீர் புகுந்த சுரங்கம்' தாளை எடுக்கச் சொன்னார். அந்த இடம் வந்தது. எல்லாரும் நிறுத்தினார்கள். ரேலீன் பயந்துகொண்டே மூச்சைவிட்டாள். ஆகா! வந்தது. பழைய குரல், வட்டமாக, இருட்டாக, தரைப்பலகை அதிரும்படி வந்தது. கொஞ்சம் தடிப்பாக இருந்த மாதிரி பட்டது. சாக்ஸ் ரீடு அல்லவா, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். முடிந்ததும் கிளெம் பக்கம் திரும்பி, எல்லார் முன்னாலும் அவன் வழுக்கையில் முத்தம் கொடுத்தாள். ட்ரம்பெட் வரிசை ஊளையிட்டது.

"பார்த்தீங்களாடா? வாய் இல்ல, ரீடு! ரீடுதான்!"

"சாக்கடை அடைப்பு எடுத்தாச்சுடோய்!" என்று ஒருவன் கத்தினான். ஓப்பி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து அந்தச் சில மாதங்கள் அவளுக்கு நன்றாகவே போயின. அதை இல்லையென்று சொல்லக் கூடாது. சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் டெனார் சாக்ஸ் ரீடின் பெருமையைப் பேசினாள். கடினா பேண்டில் சின்னக் கிளாரினெட் வாசிக்கும் ஒரு பெண்ணுக்குத் தொலைபேசியில் ஒரு மணிநேரம் பிரசங்கம் செய்தாள். கெய்த்துக்கு நல்ல சாப்பாடு கிடைத்தது.

திருவிழாவுக்கு முந்தின ஒத்திகைக்குக் கிளெம் வரவில்லை. படகை இழுக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டதாம். "கிழட்டுக் கழுதை, ரெண்டு நாள் படுத்துக்கிடக்கட்டும்," என்று ரேலீன் சிரித்தாள். 'நீர் புகுந்த சுரங்கம்' எடுத்தார்கள். அந்த இடம் வந்தது. எல்லாரும் நிறுத்தினார்கள். அவள் ஊதினாள்.

காற்று வந்தது. வெறும் காற்று, அதன் நடுவில் கொசு மாதிரி எதுவோ ஒன்று. விரல்கள் சரியாகத்தான் இறங்கின, குரல்தான் இல்லை. மன்றத்தின் அந்தக் கோடியில் குளிர்சாதனப் பெட்டி ஓடுகிற சத்தம் அதைவிடப் பெரிதாகக் கேட்டது.

"சரி, சரி," என்று ஓப்பி அவசரமாகக் குச்சியைத் தட்டினார். "குளிர் அதிகம். இன்னைக்கு யார் ரீடும் சரியில்ல. இந்த இடத்தைத் தாண்டிப் போயிடலாம்."

ரேலீன் ட்ரம்பெட் வரிசையைப் பார்த்தாள். ஒரு கீச்சு சத்தம் வந்தால் மூன்று வாரம் சொல்லிச் சிரிக்கிற ஜென்மங்கள் அவர்கள். ஒருவன் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தான். ஒருவன் தாளைத் திருப்பிக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ரீடைத் திட்டிக்கொண்டே போனாள், ஏன் யாரும் சிரிக்கவில்லை என்று மட்டும் அவள் யோசிக்க மறுத்தாள்.

அந்த வாரம் முழுக்க ரீடுகளோடு மல்லுக்கட்டினாள். பெட்டி பெட்டியாக ஊறவைத்தாள், சீவினாள், தேய்த்தாள், ஊதினாள், எறிந்தாள். எதுவும் பேசவில்லை. கெய்த் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ரே, இந்த ஒரு வருஷம் விட்டுடேன்," என்றான்.

"விட்டுட்டு? உன்கூட நண்டு பிடிக்கவா?"

"நண்டு அவ்வளவு மோசமில்லம்மா."

"ஓப்பி அந்த நாற்காலிய மடிச்சு சுவரோரம் சாத்திருவாரு, கெய்த். ஒருதடவ சாத்துனா அப்புறம் விரிக்க மாட்டாங்க."

திருவிழா அன்று மன்றம் நிறைந்து வழிந்தது. கூட்டத்தில் பாதி பேர் கறி அடைத்த பேஸ்டி தின்றுகொண்டே உள்ளே வந்தார்கள். கிளெம் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, முக்கி முனகி வந்து உட்கார்ந்தான். நாற்காலியை இழுத்து அவளை ஒட்டிப் போட்டான்.

"முதுகு எப்படி?"

"செத்த பிறகு சரியாயிடும். ரீடு எப்படி?"

"தெரியல," என்றாள் ரேலீன். "தெரியல கிளெம்." உதடு உலர்ந்திருந்தது. ரீடை மறுபடி மறுபடி அவிழ்த்துக் கட்டுவதை அவன் பார்த்தான். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

கடைசிப் பாட்டு. அந்த இடம். பேண்ட் வாயை மூடிக்கொண்டது, ஓப்பியின் இடது கை மெல்ல அவள் பக்கம் நீண்டது. செத்தாலும் சரி என்று ஊதினாள்.

வந்தது! முழுசாக வந்தது. முதல் படி, இரண்டாம் படி என்று அந்தக் குரல் கீழே இறங்கியது, முன் வரிசையில் தொப்பிகள் இறங்கின. ஐயோ, என் கண்ணே, வந்துட்டியா என்று அவளுக்கு அந்த ரீடைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. அடியிலிருக்கிற அந்த நீளமான சுரத்துக்கு வந்து சேர்ந்தாள். இளம் வயதில் அதை ஒரே மூச்சில் இழுத்துவிடுவாள். இன்றைக்குப் பாதியிலேயே மூச்சு தீர்ந்துபோனது. வல ஓரம் வழியாக எல்லாம் ஓடிப்போயிருந்தது. வேறு வழியில்லை, வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள்.

சுரம் அறுபடவில்லை.

அவள் வாயில் காற்றில்லை, ரீடு அசையவில்லை, ஆனால் அவளுடைய குரல் அப்படியே நின்று ஒலித்துக்கொண்டிருந்தது. ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு இடப்பக்கம் கிளெம்மின் தோள் மெல்ல ஏறி இறங்குவது தன் தோளில் பட்டது. கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டிப் பார்த்தாள். தன் சாக்ஸின் அகன்ற பித்தளை வாய்க்குள் ஒரு பழைய கம்பளிச் சட்டையைத் திணித்து, சத்தத்தைக் கறுப்பாக்கி, கண்ணை மூடிக்கொண்டு, தாளில் இருந்த சின்ன எழுத்தை மனப்பாடமாக வாசித்துக்கொண்டிருந்தான். முதுகு வலியில் நெற்றி வியர்த்திருந்தது.

அப்படியானால் அந்தச் செவ்வாய்க்கிழமையும் இவன்தான். மாதக்கணக்காக இவன்தான். மவுத்பீஸை வாயில் வைத்து நெடுநேரம் இருந்தானே, ஒழுகல் அவள் வாயில்தான் என்று அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டிருக்கிறான். ஓப்பிக்குத் தெரியும். ட்ரம்பெட் தடியன்களுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும், அவளைத் தவிர. அவமானத்தில் காது கொதித்தது. இதைவிட அவளை எழுப்பி வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். படுபாவிகள், இப்படியா ஒரு மனுஷிமேல் பாசம் வைப்பார்கள்!

அதற்குப் பிறகு அவள் ஊதவில்லை. மவுத்பீஸை உதட்டில் வைத்தபடி விரல்களை மட்டும் சரியாக இறக்கினாள், ஏற்றினாள். வரிகள் அழகாக முடிந்தன. அவள் கேட்டதிலேயே அதுதான் மிக அழகு. மொத்தப் பேண்டும் சேர்ந்துகொண்டது, பாட்டு முடிந்தது.

கைதட்டல் எழுந்தது. ஓப்பி கூட்டத்தைப் பார்த்து வணங்கிவிட்டுத் திரும்பி, கடைசி வரிசையை நோக்கிக் கையை நீட்டினார். ரேலீன், எழுந்திரு என்று. பேண்ட்காரர்கள் கையில் வாத்தியம் இருப்பதால் காலால்தான் கைதட்டுவார்கள். முன்னால் இருந்தவர்கள், பின்னால் இருந்தவர்கள், ட்ரம்பெட் வரிசை, எல்லாரும் பலகைத் தரையில் தடதடவென்று காலை உதைத்தார்கள். எல்லாரையும்விட ஓங்கி உதைத்தவன் கிளெம், பிடித்துக்கொண்ட முதுகோடு.

உட்கார்ந்தே இருந்தால் ஊருக்கு உண்மை தெரிந்ததாகிவிடும். தனக்குத் தெரிந்துவிட்டது என்று அவர்களுக்கும் தெரிந்துவிடும். பிறகு கிளெம் வாசிக்க மாட்டான், ஓப்பி கை நீட்ட மாட்டார், நாற்காலியைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் செவ்வாய்க்கிழமைகளில் அவள் எங்கே போவாள்? ரேலீன் பெரிய கிளாரினெட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். முன் வரிசையில் கெய்த் தொப்பியை நெஞ்சில் வைத்தபடி அவளையே பார்த்தான். அவனுக்கும் தெரிந்திருந்தது. அவள் குனிந்து வணங்கினாள். சிரித்தாள், பாதி வாய் சிரித்தது.

உட்கார்ந்ததும் கிளெம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்தான். கம்பளிச் சட்டையை அதற்குள் காலடியில் ஒளித்திருந்தான்.

"கொன்னுட்ட ரே. அந்த அடிச் சுரம் இருக்கே, எனக்கு மயிர் கூச்செறிஞ்சிருச்சு."

ரேலீன் மவுத்பீஸிலிருந்து ரீடைக் கழற்றினாள். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், எல்லாரும் பார்க்கட்டும் என்று கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள்.

"ஆமா கிளெம்," என்றாள். "இந்த ரீடு நல்லா அமைஞ்சிருச்சு."